போசனம்

சவுக்காரத்தைத் தின்ற அன்று போசன் அடிபட்டே செத்திருக்கும். செம்பனை எண்ணெயையும் சாம்பல் தண்ணீரையும் காய்ச்சி, தகரத்தில் ஊற்றி ஆறவைத்து, கட்டி கட்டியாக வெட்டிக் குளியலறைச் சுவரின் மேல் சாந்தமேரி காயப்போட்டிருந்தாள். தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் முன்னங்கால்களை ஊன்றி அது எப்படியோ எட்டிவிட்டது. வாயெல்லாம் நுரை தள்ள, ரயில்வே குவார்ட்டர்ஸின் பின்சந்து நெடுக அது தள்ளாடிக்கொண்டு போனதை அடுத்த வீட்டு நல்லம்மாள்தான் முதலில் பார்த்தாள். "வெறிநாய்! வெறிநாய்!" என்று அவள் போட்ட சத்தத்தில் வரிசைவீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் விறகுக்கட்டை, கடப்பாரை என்று கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். மேரி மரவள்ளிக் கொல்லையிலிருந்து ஓடிவந்து நாயின் கழுத்தைக் கட்டிப்பிடித்து, அதன் வாய்க்குள் விரலை விட்டு நுரையை மோந்து பார்த்தாள். பிறகு அந்த விரலை நல்லம்மாளின் மூக்குக்கு முன்னால் நீட்டினாள்.

"மோந்து பாருங்கக்கா. சவுக்காரம்."

நல்லம்மாள் மோந்து பார்த்தாள். "அட கண்றாவியே! இது நாயா, குப்பைத் தொட்டியா?"

யாரோ சிரித்தார்கள். அதைக் கேட்டு இன்னும் சிலர் சிரித்தார்கள். சிரித்துப் பழக்கம் விட்டுப்போனவர்களின் சிரிப்பு அது, சட்டென்று நின்றது. தூக்கிய கட்டைகளைத் தாழ்த்திக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். நல்லம்மாள் மட்டும் கொஞ்சம் தயங்கி நின்று, குரலைத் தணித்துச் சொன்னாள்: "மேரி, மனுசனுக்கே இல்லாத காலம். நான் சொல்றேன்னு கோவிச்சுக்காத."

மேரி கோபித்துக்கொள்ளவில்லை. கோபம் வருவதற்கு முன்பே அலுப்பு வந்துவிடுகிற நாட்கள் அவை. காய்ச்சிய எண்ணெயை நினைத்தாள். அந்த எண்ணெய்க்காக வெயிலில் நின்ற வரிசையை நினைத்தாள். நாயைக் குழாயடிக்கு இழுத்துப்போய் வாயைக் கழுவிவிட்டாள். கழுவிக்கொண்டிருக்கும்போதே அது அவளுடைய இடுப்பில் மூக்கை நுழைத்து, முந்தானையில் ஏதாவது முடிந்து வைத்திருக்கிறாளா என்று தேடியது.

அது துரைவீட்டு நாய். சப்பான்காரன் வடக்கே ஈப்போவைத் தாண்டிவிட்டான் என்று கேள்விப்பட்டுச் சிங்கப்பூருக்கு ஓடிய ரயில்வே என்ஜினியர் ஒருவர், போகிற போக்கில், தன்னிடம் ஃபிட்டராக இருந்த மேரியின் புருஷன் பேசிலின் கையில் அதன் சங்கிலியைக் கொடுத்துவிட்டுப் போனார். கறுப்பு லாப்ரடோர். நெய்யில் முக்கி எடுத்ததுபோல் பளபளக்கும் முடி, கட்டைபோல் தடித்த வால். கப்பலில் மாலுமிகளை மேய்க்கிறவனுக்கு இங்கிலீஷில் போசன் என்று பேராம். துரை அந்தப் பெயரைத்தான் வைத்திருந்தார். வரிசைவீட்டில் பாதிப் பேர் கப்பலில் வந்தவர்கள்தான். ஆனாலும் அந்த நாய் சாப்பிடுகிற அழகைப் பார்த்த பிறகு யாருக்கும் கப்பல் ஞாபகம் வரவில்லை. ஒரே வாரத்தில் போசன், போசனம் ஆகிவிட்டது.

"தொர ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு மேரி," என்று பேசில் அன்றைக்குச் சொன்னான். "எவ்வளவு போட்டாலும் பத்தலைன்னுதான் சொல்லும், நம்பாதேன்னாரு."

சொன்னவனே முதலில் நம்பினான். சாப்பிட உட்கார்ந்தால் நாய் எதிரே வந்து உட்காரும். குரைக்காது, பறிக்காது. புருவங்களை மாற்றி மாற்றி உயர்த்திக்கொண்டு, கையிலிருந்து வாய்க்குப் போகிற ஒவ்வொரு கவளத்தையும் கண்ணாலேயே கொண்டுபோய் விட்டுவிட்டு வரும். பேசில் ஒரு கவளம் தனக்கு, ஒரு கவளம் அதற்கு என்று உருட்டுவான். அப்போது இன்னும் அரிசி கிடைத்துக்கொண்டிருந்தது. மறு வருடம் சப்பான்காரன் ரயில்வே ஆட்களைச் சயாமுக்குத் தண்டவாளம் போடக் கொண்டுபோனபோது அரிசி பாதியாகியிருந்தது. மூன்று மாதத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று சொல்லித்தான் வண்டி ஏற்றினார்கள். சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற பேசில், "டொரத்தியையும் நாயையும் பாத்துக்க," என்றான். மேரிக்கு அது அப்போது வேடிக்கையாகக்கூட இருந்தது. என்னைப் பார்த்துக்கொள்ள யாரிடம் சொல்லியிருக்கிறீர்கள் என்று கேட்க நினைத்தாள். அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

டொரத்தி பேசிலின் தங்கை. மேரியின் வயதுதான், கல்யாணம் ஆகவில்லை. கன்னியர் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சராக இருந்தாள். பள்ளிக்கூடக் கட்டடத்தில் சிப்பாய்களைக் குடிவைத்த பிறகு வீட்டோடு இருந்தாள். மண்வெட்டி பிடிக்க வராது. ஆனால் மேரி தண்டவாளத்து ஓரத்தில் கொத்திப் போட்ட மரவள்ளியையும் சர்க்கரைவள்ளியையும் தோல் சீவி, துருவி, மாவாக்கி, அதை ரொட்டி என்று சொல்லும்படி ஏதோ ஒன்றாகச் சுட்டெடுப்பது அவள்தான். சாப்பாட்டைப் பங்கு வைப்பதும் அவள்தான். கையில் தராசு இருப்பதுபோல் சரிபாதியாக வைப்பாள். மேரி தன் பாதியில் பாதியை நாய்க்கு வைப்பாள்.

அப்படி வைத்து வைத்தே அவள் துரும்பாகிப்போனாள். ஒருநாள் கொல்லையில் மயங்கி விழுந்தாள். விழுந்தவள் கண்ணைத் திறந்தபோது நாய் அவள் முகத்துக்கு மேலே நின்று அவள் வாயை மோந்து பார்த்துக்கொண்டிருந்தது. எஜமானிக்கு என்ன ஆயிற்றோ என்ற கவலை என்று வேறு யாராவது சொல்லியிருப்பார்கள். காலையில் அவள் வாயில் அடக்கிக்கொண்ட வெல்லத் துணுக்கின் வாசம் என்று மேரிக்குத் தெரிந்தது. அப்படியும் அந்தக் கண்களுக்கு முன்னால் அவளால் நிம்மதியாக விழுங்க முடியவில்லை. நீ மட்டும் சாப்பிடுகிறாயே, அவர் உன்னை நம்பித்தானே என்னை விட்டுவிட்டுப் போனார் என்று அது கேட்பதுபோலவே இருக்கும்.

ஈஸ்டருக்கு முந்தின நாள் அந்தக் கேள்வி ஒரு முடிவுக்கு வந்தது. திருநாளுக்கென்று இரண்டு பேரும் சேர்ந்து தேங்காய்ப்பூ போட்டு ஒரு சட்டி மரவள்ளி அவித்து, மேலே தட்டைக் கவிழ்த்து, தட்டின் மேல் அம்மிக்குழவியையும் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போயிருந்தார்கள். வந்து பார்த்தால் குழவி ஒரு மூலையிலும் சட்டி ஒரு மூலையிலும் கிடந்தன. நாய் நடுவீட்டில் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. வயிறு தவில்போல் இருந்தது. மூச்சுக்குத் திணறியது. டொரத்தி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதாள். மேரி, செத்துவிடுமோ என்று அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்த இடத்தில் தரையில் சிதறிக் கிடந்த ஒரு துண்டு கையில் தட்டுப்பட்டது. அதை எடுத்தாள். எழுந்திருக்கவே முடியாமல் கிடந்த நாய் தலையை மட்டும் தூக்கி, புருவத்தை உயர்த்தி, அவளைப் பார்த்தது.

அதே பார்வை. பட்டினி கிடந்த நாட்களில் பார்த்த, அவள் உயிரை வாங்கிய, அதே பார்வை. கொஞ்சமும் குறைவில்லை.

மேரி அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அந்தக் கண்களையே பார்த்தாள். இதற்குப் பசி வயிற்றில் இல்லை. வேறு எங்கேயோ இருக்கிறது. பிறக்கும்போதே அப்படித்தான் பிறந்திருக்கிறது. மூக்கும் வாயும் இதை எப்போதும் இழுத்துக்கொண்டே திரிகின்றன. போதும் என்று சொல்லக் கூடிய ஒன்று இதற்குள் இல்லை. அவள் உடம்பையே அறுத்துப் போட்டாலும் முடித்துவிட்டு இப்படித்தான் பார்க்கும். இது தெரிந்ததும் அவளுக்கு அழுகை வரவில்லை. பல மாதமாகச் சுமந்த விறகுக்கட்டை தலையிலிருந்து இறங்கியதுபோல் இருந்தது. அந்தத் துண்டைத் தன் வாயில் போட்டு, நாயின் கண்ணெதிரே, மெதுவாக மென்று விழுங்கினாள்.

அதற்குப் பிறகு அவள் ஒரு ஒழுங்குமுறை வைத்துக்கொண்டாள். நாய்க்குப் பால்டின் ஒன்றை அளவாக வைத்தாள். கொதிக்கவைத்துத் தண்ணீரை மாற்றி மாற்றி நஞ்சை இறக்கிய மரவள்ளித் தோல், கீரைத்தண்டு, எப்போதாவது பாசாரில் பொறுக்கிவந்த மீன்தலை. காலையில் ஒரு டின், பொழுது சாய ஒரு டின். போட்டதும் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டி, "முடிஞ்சது" என்பாள். அப்புறம் அது என்ன கூத்தாடினாலும் திரும்பிப் பார்க்க மாட்டாள். சட்டிகளை எல்லாம் உத்தரத்தில் கயிறுகட்டித் தொங்கவிட்டாள். பால் பிழிந்த தேங்காய்ச்சக்கை கிடைத்தால் அதைத் தட்டில் வைக்காமல் கொல்லைப்புறத்து லாலான் புல்லில் வீசித் தூவிவிடுவாள். ஒரு வாயில் முடிகிற சக்கையைத் தேடித் தேடி நக்குவதில் மத்தியானம் முழுவதும் நாய்க்குப் போய்விடும். சாயங்காலம் அலுத்துப்போய் வந்து படுக்கும். மெலிந்ததுதான். ஆனால் நோய் இல்லை, நொடி இல்லை. மேரியும் தன் பங்கை முழுதாகச் சாப்பிட ஆரம்பித்தாள். சவுக்காரத்தைத் தின்றது எல்லாம் இந்த முறைக்கு நடுவே அது தானாக எடுத்துக்கொண்ட விடுமுறை.

சவுக்காரம் போன மறு வாரம், கிறிஸ்துமஸ் நெருங்கும்போது, பாசாரில் உப்பு வரிசையில் நின்ற மேரியை ஒருவன் கூப்பிட்டான். கையில் ஊன்றுகோல். ஒரு காலில் முழங்காலுக்குக் கீழே துணி சுற்றியிருந்தது. துணியைத் தாண்டி நாற்றம் வந்தது. அவன் சொல்லித்தான் பாலன் என்று தெரிந்தது. பேசிலோடு ஒரே வண்டியில் போனவன். கால் அழுகிவிட்டதென்று நோயாளிகளோடு சேர்த்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

"பேசில் அண்ணன் போன மழைக்கே போயிட்டாருக்கா," என்றான். சொல்லிவிட்டு ஊன்றுகோலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். "வாந்தி பேதி. சாயங்காலம் நல்லா பேசிக்கிட்டு இருந்தாரு. விடியறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

வரிசை நகர்ந்தது. மேரி ஒரு அடி முன்னால் வைத்தாள். அவனும் கூடவே ஒரு அடி வைத்தான்.

"என்ன பேசினாரு?"

"சாப்பாடுதான். அங்க வேற என்னக்கா பேச்சு? உங்க வீட்டுக் கருவாட்டுக் குழம்பு. சுடுசோறு. அதையேதான் ஒரு மணி நேரம் சொன்னாரு. கேட்டுக்கிட்டு இருந்த எங்களுக்கெல்லாம் எச்சி ஊறிருச்சு."

மேரி உப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். டொரத்தி கல்லில் ரொட்டியைத் திருப்பிக்கொண்டிருந்தாள். "அண்ணி, அண்ணன் கிறிஸ்துமஸுக்கு வந்துருமோன்னு ராத்திரி கனவு," என்றாள். மேரி உப்பை எடுத்துப் பானையில் கொட்டினாள்.

நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். அடுத்த நாளும் அப்படியே நினைத்தாள். டொரத்திக்குக் கால் வீங்கத் தொடங்கியிருந்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. அரிசியும் பருப்பும் இல்லாமல் வருகிற வீக்கம் என்று எல்லோருக்கும் தெரியும். இந்த உடம்போடு அவள் இதைத் தாங்குவாளா என்பது ஒரு காரணம். அது மட்டும் காரணம் இல்லை என்பதும் மேரிக்குத் தெரியும். சொன்னால் அதற்குப் பிறகு அழ வேண்டும். நல்லம்மாளும் மற்றவர்களும் வருவார்கள், அவர்களோடும் சேர்ந்து அழ வேண்டும். கோயிலில் பூசைக்குச் சொல்ல வேண்டும். மறுநாள் விடிந்ததும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கும் போக வேண்டும். அழுவதற்கும் உடம்பில் சத்து வேண்டியிருக்கிறதே. அவள் அந்தச் செய்தியை ஒரு ஓரத்தில் வைத்துவிட்டு, அதைச் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

அந்த நாட்களில்தான் நாய் ஒரு புதுப் பழக்கம் பிடித்தது. டொரத்தியின் கட்டிலுக்கு அடியில் ஒரு பிரம்புப் பெட்டி உண்டு. பேசில் போனதும் அவனுடைய சட்டைகளையும் கல்யாணக் கோட்டையும் மடித்து, பூச்சி உருண்டை போட்டு, டொரத்தி அதில் பூட்டி வைத்திருந்தாள். போசன் போய் அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தது. உட்கார்ந்து, மூக்கைப் பிரம்பு இடுக்கில் வைத்து, மெல்ல முனகியது. கொல்லையில் தேங்காய்ச்சக்கையைத் தூவினாலும் நக்கி முடித்துவிட்டு உடனே அங்கே திரும்பிவிடும்.

"வாயில்லாச் சீவன்," என்றாள் நல்லம்மாள், வாசலில் நின்று பார்த்துவிட்டு. அவள் கண் கலங்கியிருந்தது. "எசமானைத் தேடுது பாரு. நான்கூட அன்னிக்கு என்னமோ பேசிட்டேன்."

டொரத்தி அவசரமாகச் சொன்னாள்: "ஆமாக்கா, அண்ணன் சட்டை வாசம். அதான்."

மேரி முதலில் நம்பவில்லை. இந்த நாய்க்கு அப்படி ஒரு மனசு கிடையாது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் நாட்கள் போகப் போக அவளுக்குள் ஒரு சந்தேகம் வந்தது. அவன் செத்த செய்தி வந்த வாரத்திலிருந்துதானே இது இப்படி உட்கார்ந்திருக்கிறது? தனக்கு மட்டும் தெரிந்த ஒன்று இதற்கும் தெரிந்திருக்குமோ? ஒரு மத்தியானம் டொரத்தி குழாயடிக்குப் போயிருந்தபோது மேரி வந்து நாயின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அதன் கழுத்தில் கையைப் போட்டாள். முடிக்கு அடியில் எலும்பு தட்டியது. அது பெட்டியிலிருந்து மூக்கை எடுக்கவில்லை. "போயிட்டாருடா," என்றாள் அதன் காதில். அந்த வார்த்தையை அவள் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். சொன்னதும் அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. நாயின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுது தீர்த்தாள்.

டொரத்தியோ நாயைப் பெட்டியிடமிருந்து கிளப்புவதற்குத் தன் தட்டிலிருந்து ஒரு விள்ளல் எடுத்துப் போட ஆரம்பித்தாள். அது விள்ளலைத் தின்றுவிட்டு மறுபடி போய் உட்காரும். மறுபடி ஒரு விள்ளல். மேரி இரண்டு நாள் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டாள்.

"அங்க உக்காந்தா கெடைக்கும்னு நீயே அதுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கற. இப்படி ஊட்டினா அது எப்படி எந்திரிக்கும்? கால் இப்படி வீங்கிக் கெடக்கு, உன் பங்கை ஏன் அதுக்குப் போடற?"

"பாவமா இருக்கு அண்ணி."

"நானும் அந்தப் பாவமெல்லாம் பாத்தவதான்."

டொரத்தி காலை இழுத்து இழுத்து நடந்துபோய்ப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் இன்னும் உள்ளே தள்ளிவைத்தாள்.

மாசி பிறந்து சில நாள் கழித்து, காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தபோது அபாயச் சங்கு ஊதியது. இதற்கு முன்பும் ஊதியிருக்கிறது, ஒன்றும் நடந்ததில்லை. இந்த முறை மேலே, மிக உயரத்தில், வெள்ளிக் கம்பிகளைப் போல விமானங்கள் தெரிந்தன. மேரி டொரத்தியைக் கைத்தாங்கலாக இழுத்துக்கொண்டு பின்சந்துக்கு அப்பால் வெட்டியிருந்த பள்ளத்தில் இறங்கினாள். நல்லம்மாள் வீட்டுக்காரர்களும் வந்து விழுந்தார்கள். "போசன்! போசன்!" என்று மேரி கூப்பிட்டாள். நாய் வரவில்லை. பிறகு ரயில்வே பட்டறை இருக்கும் செந்தூல் பக்கமிருந்து தரை வழியாக ஒரு அதிர்வு வந்தது. அதற்குப் பின்னால்தான் சத்தம் வந்தது. பள்ளத்தின் சுவரிலிருந்து மண் உதிர்ந்து அவர்கள் தலையில் விழுந்தது. டொரத்தி செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். மேரி அவளுடைய வீங்கிய காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, எல்லாம் ஓயட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டாள். இப்படியே முடிந்துபோனால்கூட ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை என்று ஒரு நினைப்பு வந்தது. அதை நினைத்துப் பயம்கூட வரவில்லை.

வீடு அப்படியே இருந்தது. கூரை ஓடுகள் இரண்டு விழுந்திருந்தன; அவ்வளவுதான். உள்ளே நுழைந்த மேரி நடுவீட்டில் நின்றுவிட்டாள்.

பேசிலின் நீலச்சட்டை தரையில் விரிந்து கிடந்தது. சட்டையின் கைகளுக்குள் கைகள் இருந்தன. ஒரு கணம் அப்படித்தான் தெரிந்தது. தோளிலிருந்து மணிக்கட்டு வரை புடைத்த இரண்டு கைகள். போசன் ஒரு கையை முன்னங்காலால் அழுத்திப் பிடித்து, மணிக்கட்டில் போட்டிருந்த முடிச்சைக் கடித்துக் கிழித்துக்கொண்டிருந்தது. கிழிசலிலிருந்து அரிசி வடிந்தது. பிரம்புப் பெட்டி மூடி பிய்ந்து கட்டிலுக்கு வெளியே கிடந்தது. அதற்குள் இன்னும் இரண்டு சட்டைகள். அவற்றின் கைகளும் புடைத்திருந்தன. காகிதப் பொட்டலத்திலிருந்து இழுத்துப் போட்ட கருவாட்டின் வால் மட்டும் மிச்சமிருந்தது.

மேரி நாயைக் காலால் எத்தித் தள்ளினாள். சட்டையை எடுத்தாள். அரிசியில் வண்டு ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி டொரத்தியைப் பார்த்தாள்.

"நான் கொல்லையில மயங்கி விழுந்தேனே, அப்ப இது இருந்துச்சா?"

டொரத்தி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கேக்கறேன்ல? நான் தோலை அவிச்சுத் தின்னுக்கிட்டுக் கெடந்தேன். நீ பெட்டி நெறைய அரிசி வச்சிக்கிட்டு..."

"நான் ஒரு மணி தின்னலை அண்ணி." டொரத்தியின் குரல் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கப்போகிற பிள்ளையின் குரல்போல இருந்தது. "மாதா சத்தியமா தின்னலை. எல்லாம் என் பங்கு அரிசியிலேருந்து ஆக்கறதுக்கு முன்னாடி எடுத்ததுதான். உங்க பங்குல நான் கைவைக்கலை. அண்ணன் வர்றப்ப நம்மகிட்ட மரவள்ளிதானே இருக்கும்? அங்க என்ன சாப்பிட்டாங்களோ, எப்படி இருக்காங்களோ. வந்து எறங்கின அன்னிக்காவது ஒரு வாய் சோறு... கருவாடுகூட கிறிஸ்துமஸ் சமயத்துலதான் கெடைச்சது. என்கிட்ட இருந்த தோட்டைக் குடுத்து வாங்கினேன். உங்ககிட்ட சொன்னா, இப்பவே ஆக்கிடலாம்னு சொல்லிடுவீங்கன்னுதான் சொல்லலை."

மேரி அவளுடைய கால்களைப் பார்த்தாள். அழுத்தினால் குழி விழுகிற கால்கள். சரிபாதியாக வைத்த தட்டுகளில் ஒன்று எப்போதும் சீக்கிரம் காலியானதை நினைத்தாள். நான் ஆக்கும்போதே சாப்பிட்டுட்டேன் அண்ணி என்று அவள் சொன்ன நாட்களை நினைத்தாள்.

பிறகு மேரி தரையில் உட்கார்ந்தாள். சிந்திய அரிசியைக் கையால் கூட்டி அள்ளினாள். முறத்தை எடுத்துப் புடைத்தாள். வண்டும் தூசியும் பறந்தன. பெட்டியிலிருந்த மற்றச் சட்டைகளை எடுத்தாள். முடிச்சுகள் இறுக்கமாக இருந்தன. பல்லால் கடித்து ஒவ்வொன்றாக அவிழ்த்து, முறத்தில் கொட்டினாள். சிலது பூஞ்சை பிடித்துப் பச்சையாகியிருந்தது, அதை ஒதுக்கினாள். அடுப்பைப் பற்றவைத்தாள். உத்தரத்திலிருந்து பெரிய பானையை இறக்கி உலை வைத்தாள்.

"அண்ணி, என்ன பண்றீங்க?"

மேரி அரிசியைக் களைந்தாள்.

"அண்ணனுக்கு வச்சது அண்ணி. அதைப் போய் ஏன் ஒலையில போடறீங்க?"

மேரி களைந்த தண்ணீரை வடித்தாள். அரிசியை உலையில் போட்டாள். போட்டுவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அடுப்பின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். டொரத்தி அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே யாரோ ஓடினார்கள். செந்தூல் பட்டறை எரிகிறது என்று யாரோ கத்தினார்கள். உலை கொதிக்கிற சத்தம் வரும்வரை இரண்டு பேரும் அசையவில்லை.

"எப்ப?" என்றாள் டொரத்தி.

"போன மழைக்கு. வாந்தி பேதி."

"யாரு சொன்னா?"

"பாலன். கிறிஸ்துமஸுக்கு முன்னாடி."

டொரத்தி மெல்ல வந்து சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தாள். கால்களை மடக்க முடியாமல் நீட்டிக்கொண்டாள். அவள் அழவில்லை. யாரையோ கணக்குக் கேட்பதுபோல், "கருவாடு வாங்கினது அதுக்கப்புறம் அண்ணி," என்றாள். "நீங்க சொல்லியிருந்தா, நான் வாங்கியிருக்க மாட்டேன்ல?"

"ஆமா."

"தோடாவது மிஞ்சியிருக்கும்."

"ஆமாடி."

சோறு குழைந்து, மக்கிப்போன வாடையோடு வந்தது. தொட்டுக்கொள்ள உப்பு மட்டும்தான். நாய் மிச்சம் வைத்திருந்த கருவாட்டு வாலைத் தணலில் சுட்டு மேரி டொரத்தியின் தட்டில் வைத்தாள். டொரத்தி ஒரு கவளத்தை எடுத்து வாயில் வைத்தாள். மெல்லாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். அப்புறம் மென்றாள். அடுத்த கவளத்துக்குக் கை தானாகப் போனது. அதைப் பார்த்து அவளே பயந்துபோனவள்போல ஒரு கணம் நிறுத்தினாள். "சாப்பிடு," என்றாள் மேரி. இருவரும் தலையைக் குனிந்துகொண்டு, ஒருவரை ஒருவர் பார்க்காமல், தட்டு வழித்த சத்தம் கேட்கிறவரை சாப்பிட்டார்கள். ஒரு கிண்ணத்தில் நல்லம்மாள் வீட்டுக்கும் போட்டு மூடி வைத்தாள் மேரி.

எதிரே வந்து உட்கார வேண்டிய நாய் வரவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கொல்லைக் கதவண்டை அது நின்றுகொண்டிருந்தது. படுக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல், முதுகை வளைத்துக்கொண்டு, வாயிலிருந்து எச்சில் ஒழுக நின்றது. வயிறு ஒருபக்கம் புடைத்திருந்தது. எவ்வளவு வேகாத அரிசியைத் தின்றதோ தெரியவில்லை. கிண்ணத்தைக் கொடுக்கப்போன மேரி சொன்னதைக் கேட்டு நல்லம்மாள் கூடவே வந்து பார்த்தாள்.

"ஊர்ல மாடு இப்படித்தான் அரிசியைத் தின்னுட்டு நிக்கும்," என்றாள். "தண்ணி காட்டாத. படுக்க விடாத. நடக்க வையி. பொழச்சா பொழைக்கட்டும்." அவள் கிண்ணத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். இது எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்கவில்லை. மேரியின் முகத்தையும் டொரத்தியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் அப்புறம் வர்றேன்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மேரி சங்கிலியைப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்து ஓரமாக நாயை நடத்தினாள். அது நான்கடி வைக்கும், நிற்கும். இழுத்தால் இன்னும் நான்கடி. திட்டக்கூட அவளுக்குத் தெம்பில்லை. வாழ்நாளெல்லாம் இதைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறிப் போனாரா என்று நினைத்தாள். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. டொரத்தி வந்துகொண்டிருந்தாள். வீங்கிய கால்களைச் சரளைக் கற்களின் மேல் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து வைத்து வந்தாள். போ, போய்ப் படு என்று சொல்ல மேரி வாயெடுத்தாள், சொல்லவில்லை. டொரத்தி வந்து சங்கிலியின் மறுபாதியைப் பிடித்துக்கொண்டாள்.

வடக்கே வானம் முழுவதும் புகை. வெயில் அதற்குப் பின்னால் செப்புத் தட்டுபோல் மங்கித் தெரிந்தது. எரிந்துபோன எதனுடையதோ சாம்பல், கறுப்புக் கறுப்பாக, பூவிதழ் அளவுக்கு, காற்றில் மிதந்து வந்து தண்டவாளத்தின் மேலும் மரவள்ளி இலைகளின் மேலும் இறங்கியது. ஒரு துண்டு டொரத்தியின் தலைமுடியில் ஒட்டியது. போசன் நின்றது. மெல்லத் தலையைத் தூக்கியது. மூக்கு அசைந்தது. அதன் முகத்துக்கு நேரே ஆடி ஆடி இறங்கிய ஒரு சாம்பல் துண்டை அது வாயைத் திறந்து கவ்வியது. ஒரு தடவை மென்று பார்த்தது. பிறகு வானத்தைப் பார்த்து அண்ணாந்தபடியே அடுத்ததற்காக நின்றது.

அவர்கள் இரண்டு பேரும் சங்கிலியை இழுக்காமல் அதன் பக்கத்திலேயே நின்றார்கள்.